சங்கப் பேரேடும் சாட்சிக் கூண்டும்

நெசவாளிக்குத் தறி வீட்டிலேயே இருக்கிறது. உழவனுக்கு நிலம் ஊரோரத்தில் இருக்கிறது. ஆனால் நெய்த துணியும் விளைந்த பண்டமும் சேரவேண்டிய இடங்கள் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கின்றன. பாவும் ஊடையும் வாங்கச் சங்கத்திற்குப் போக வேண்டும். மஞ்சளையும் கரும்பையும் ஏற்றிக்கொண்டு மண்டிக்கும் ஆலைக்கும் போக வேண்டும். அந்தச் சாலையிலேயே இரவு பகலாக லாரிகளும் ஓடுகின்றன. லாரியும் மொபெட்டும் மோதினால் யாருக்குச் சேதம் என்பதை எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதன் பிறகு நடப்பவற்றைப் பற்றித்தான் நம் அங்கத்தினர்கள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை. நம் சங்கங்களும் அறிந்துகொள்ள முயலவில்லை. இக்குறையில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறவற்றைச் சொல்லுகிறேன்.

நான் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தபோது, 2019ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, எங்கள் அங்கத்தினர் ஒருவர் நெய்து முடித்த புடவைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு சங்கத்திற்கு வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த சரக்கு லாரி மோதியது. உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. பல மாதச் சிகிச்சைக்குப் பின் எழுந்து நடந்தார். கால் சற்றுக் குட்டையாகவும், மடக்க முடியாததாகவும் நின்றுவிட்டது. அப்போது அவருக்கு வயது 38. குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதிப்பது அவருக்கு இனி இயலாத காரியம்.

அவர் நஷ்ட ஈடு கோரி வழக்குத் தொடுத்தார். மாதம் சராசரியாக ரூ. 12,000 கூலி பெற்றார் என்று நான் சங்கத்தின் தாளில் சான்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய வக்கீல், “கூலிப் பேரேட்டுடன் நீங்களே வந்து ஒரு வார்த்தை சாட்சி சொல்லவேண்டும்” என்று கேட்டுக்கொண்டார். அந்த வாரம் சங்கத்தில் தணிக்கை. கோர்ட்டு வாசலை மிதித்த பழக்கமும் எனக்கு இல்லை. சான்றுதான் கொடுத்தாயிற்றே என்று இருந்துவிட்டேன். எழுதியவரை விசாரிக்காத சான்றை ஏற்கலாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஆட்சேபித்தார். தீர்ப்பாயம் அவருடைய வருமானத்தை உத்தேசமாக மாதம் ரூ. 8,000 என்று எடுத்துக்கொண்டது. மேல் முறையீட்டுக்கு அவரிடம் தெம்பு இல்லை. இன்று தம் மனைவி நெய்யும் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கிறார். என்னைக் காணும்போது முன்போலவே கைகூப்பி, “வாங்க” என்கிறார். அந்தக் கும்பிடுதான் என்னை இக்கட்டுரை எழுதச் செய்தது.

நஷ்ட ஈட்டின் கணக்கு

நஷ்ட ஈடு என்பது நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அதற்கு ஒரு கணக்கு உண்டு. அடிபட்டவரின் ஆண்டு வருமானத்தை அவருடைய வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அவ்வெண்களை உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் அட்டவணையாக வகுத்தது. 15 வயது முதல் 25 வயது வரை 18. 36 முதல் 40 வரை 15. 46 முதல் 50 வரை 13. 56 முதல் 60 வரை 9. 65க்கு மேல் 5. பின்னர் 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சுயதொழில் செய்வோருக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வயது 40க்குக் கீழ் இருந்தால் நூற்றுக்கு 40, 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10 என்பது அதன் அளவு. மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே எதிர்காலம் உண்டு, தறிக்காரனுக்கும் ஏர்க்காரனுக்கும் இல்லை என்ற நிலை அன்றோடு ஒழிந்தது.

இனி என் தவற்றின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் ரூ. 8,000; அதனுடன் நூற்றுக்கு 40 சேர்த்தால் ரூ. 11,200. ஆண்டுக்கு ரூ. 1,34,400. அதை 15ஆல் பெருக்கினால் ரூ. 20,16,000. மருத்துவர் குழு ஊனம் நூற்றுக்கு 30 என்று எழுதியிருந்தது. ஆகவே, வருமான இழப்புக்காகக் கிடைத்தது ரூ. 6,04,800. நான் பேரேட்டுடன் சென்று ரூ. 12,000 என்பதை மெய்ப்பித்திருந்தால் அதே கணக்கில் ரூ. 9,07,200 வந்திருக்கும். ஒரு நாள் நான் கோர்ட்டுக்குப் போகாததால் அக்குடும்பம் இழந்தது ரூ. 3,02,400. தணிக்கையை அடுத்த வாரம் வைத்திருந்தால் சங்கத்திற்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

ஊனம் வேறு, பிழைப்பு வேறு

அந்த வழக்கில் மற்றொரு குறையும் இருந்தது. ஊனம் நூற்றுக்கு 30 என்றால் பிழைப்பும் நூற்றுக்கு 30தான் கெட்டது என்று கொள்ளப்பட்டது. இது சரியன்று. உடலின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் ஆற்றல் குறைவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருக்கிறது. இடக்கையை இழந்தவர் தச்சராகவோ வாகன ஓட்டியாகவோ இருந்தால் அவருடைய பிழைப்பு அநேகமாக முழுவதும் போயிற்று. குமாஸ்தாவாக இருந்தால் அவ்வாறு சொல்ல முடியாது. அத்தீர்ப்பு காட்டும் உதாரணமே இது.

குழித்தறி நெசவாளிக்குக் கால் என்பது நடப்பதற்கு மட்டும் அன்று. இரு கால்களும் மாறி மாறி மிதித்தால்தான் பாவு திறக்கும்; பாவு திறந்தால்தான் நாடா ஓடும். இதை நாம் அறிவோம், மருத்துவர் அறியமாட்டார், நீதிபதிக்கும் யாரேனும் எடுத்துச் சொன்னால்தான் தெரியும். எடுத்துச் சொல்லத் தக்கவர் யார்? அவர் தறியில் உட்கார்ந்து வேலை செய்ததைக் கண்டவரும், இப்போது உட்கார முடியாததைக் கண்டவருமான சங்கத்து மனிதர்தான். அன்று நான் சென்று இதனைச் சொல்லியிருந்து, பிழைப்பில் நூற்றுக்கு 60 போயிற்று என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டிருந்தால், தொகை ரூ. 18,14,400 ஆகியிருக்கும். ஏற்றிருக்குமோ இல்லையோ, சொல்லும் கடமை எனக்கு இருந்தது.

உழவர்களுக்கும் இது பொருந்தும். வரப்பில் நடக்க முடியாதவன், மண்வெட்டி பிடிக்க முடியாதவன் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் ஆள் வைத்தே செய்ய வேண்டும். அந்த ஆட்கூலி அவனுடைய நஷ்டமே. நிலம் அப்படியே இருக்கிறதே என்ற வாதத்துக்கு அதுவே பதில்.

பெண்களின் உழைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தறியின் பின்னால் தார் சுற்றவும், பாவு பிணைக்கவும், அறுந்த இழையை முடியவும் ஒரு பெண் இருக்கிறாள். கூலியோ கணவன் பெயரில் மட்டும் பேரேட்டில் ஏறுகிறது. அப்பெண் லாரியில் அடிபட்டால் “வருமானம் இல்லாதவள்” என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டைப் பேணும் பெண்ணின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் வலியுறுத்தியது. அதற்கு மேலும் அவள் நெசவில் பங்கு கொண்டிருந்தால் அதற்கும் ஆதாரம் வேண்டும். அவளையும் அங்கத்தினராகச் சேர்த்து, அவள் பங்கை அவள் பெயரில் எழுதுவதே நேர்மையான வழி.

காலம் தவறலாகாது

1956ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்பு, இத்தகைய வழக்கைச் சாதாரண சிவில் கோர்ட்டில்தான் போடவேண்டியிருந்தது. அத்திருத்தம்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் ஏற்பட வழி செய்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தொடர்ந்து நிறுவியது. 1994ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம், மனுச் செய்யக் காலவரம்பே இல்லாதிருந்தது. அந்த நினைவில் நம்மவர் பலர், “கால் முதலில் ஆறட்டும், வழக்கை அப்புறம் பார்க்கலாம்” என்று இருந்துவிடுகின்றனர். இது ஆபத்து. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இந்தக் காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு இட்டது என்றாலும், இடைக்கால உத்தரவை நம்பிக் காலத்தைக் கடத்துபவன் அறிவாளி ஆகான். ஆறு மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வட்டி விதிக்கப்படுவதும் மனுச் செய்த நாளுக்குப் பிறகுதான். தாமதத்தால் அதிலும் இழப்பு உண்டு.

லாரி வேற்று மாநிலத்தது, விபத்து வெளி ஜில்லாவில் நடந்தது என்று மலைக்கவும் வேண்டாம். அடிபட்டவர் குடியிருக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. போலீசார் 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும் என்பதும் இப்போது விதி. ஆயினும், அவர்கள் அனுப்பியிருப்பார்கள் என்று வாளாவிருக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் படியுங்கள். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்கும்போது, தவறெல்லாம் அவனுடையதே என்று எழுதப்படுவது உண்டு. இரவில் விளக்கின்றிச் சாலையில் நிறுத்திவைத்த லாரியில் மோதியவன் மீதே வழக்குப் பதிவாவதும் உண்டு. தவறில் ஒரு பங்கு அடிபட்டவனுடையது என்று முடிவானால் நஷ்ட ஈட்டிலும் அப்பங்கு குறையும். ஆகையால் லாரி நின்ற இடம், சாலையின் அகலம், விளக்கு எரிந்ததா இல்லையா என்பவற்றை அன்றே படம் பிடித்து வைக்கவேண்டும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலையும், மருந்துச் சீட்டுகளின் அசலையும் பத்திரப்படுத்தவேண்டும்.

தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே மரணத்துக்கு ரூ. 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ. 2½ லட்சமும் பெற இப்போதைய சட்டத்தில் வழி உண்டு. மோதியவர் ஓடிப்போய், வண்டி இன்னதென்றே தெரியாவிட்டால், மரணத்துக்கு ரூ. 2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 50,000 கிடைக்கும். இவை உதவியே. ஆனால் முதற் சொன்ன தொகையைச் சட்டம் கூறும் முறைப்படி ஒப்புக்கொண்டு பெற்றுவிட்டால், முழு நஷ்ட ஈட்டுக்கான மனு செல்லாததாகிவிடும். ஏற்கெனவே காட்டிய கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போதும் அப்படியே. அங்கு முடிந்ததற்கு மேல் முறையீடு கிடையாது.

சரக்கு லாரியில் ஏறுவோருக்கு

நம் உழவர்கள் வாடகைக்கு லாரி பிடித்துச் சரக்கேற்றி, தாமும் உடன் செல்வது வழக்கம். சரக்கு வண்டியில் ஓசிப் பயணமாகச் செல்பவருக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு இல்லை. சரக்குக்கு உடையவரோ, அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ உடன் சென்றால் பாதுகாப்பு உண்டு. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சேர்த்தது. ஆனால் அவர் சரக்குக்கு உடையவர் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? சங்கமோ மண்டியோ கொடுத்த சரக்குச் சீட்டில் அவர் பெயர் இருக்கவேண்டும். பிரதிநிதியை அனுப்பினால் அவர் பெயரையும் அதிலேயே எழுதவேண்டும். மூட்டைகளின் மேல் உட்காராமல் முன்னறையில் உட்காரவேண்டும். ஒரு துண்டுச் சீட்டு எழுதச் சோம்பி, ஒரு குடும்பத்தின் உரிமையைப் போக்கிவிடக் கூடாது.

தரகர்களும் சங்கமும்

விபத்து நடந்த மறுநாளே ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நின்று, “எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருவதில் பங்கு தந்தால் போதும்” என்று வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்குவோர் எங்கும் இருக்கின்றனர். கிடைக்கும் நஷ்ட ஈட்டில் வக்கீல் பங்கு கேட்பது இந்திய வக்கீல் கழக விதிகளுக்கு விரோதமானது. நஷ்ட ஈட்டுத் தொகையை அடிபட்டவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் பணித்துள்ளது. வக்கீல் வைக்க வசதியற்றவர்க்கும், பெண்களுக்கும், ஊனமுற்றோருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. இவ்வளவு இருந்தும் தரகன் பிழைக்கிறான் என்றால், அவன் முதலில் வந்தான், சங்கம் வரவில்லை என்பதே காரணம்.

சங்கத்தின் வேலை நூல் கொடுப்பதும் கடன் கொடுப்பதும்தானே, கோர்ட்டு விவகாரம் எதற்கு என்று சில நிர்வாகிகள் கேட்கக்கூடும். நானும் அப்படி எண்ணியவனே. ஆனால் தனித்தனியே நின்றால் ஏமாற்றப்படுவோம், ஒன்றாக நின்றால் ஏமாறமாட்டோம் என்பதற்காக அல்லவா சங்கம் தோன்றியது? லாரிக்குப் பின்னால் கம்பெனி நிற்கிறது. கம்பெனிக்குப் பின்னால் வக்கீல் நிற்கிறார். நெசவாளிக்குப் பின்னால் யார் நிற்கிறார்? கூலித் தொழிலாளியிடம் வருமான தஸ்தாவேஜை எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2011ஆம் ஆண்டு ஒரு வழக்கில் இரங்கிக் கூறியது உண்மை. ஆனால் நம் அங்கத்தினர் தஸ்தாவேஜு இல்லாதவர் அல்லர். அவர் கூலி பெற்ற ஒவ்வொரு வாரமும் நம் பேரேட்டில் இருக்கிறது; சேமிப்புக்காகப் பிடித்த தொகையும் இருக்கிறது; விற்ற பாலும் கரும்பும் எடையுடன் பதிவாகியிருக்கின்றன. உள்ள ஆதாரத்தை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, இல்லாதவனுக்குக் காட்டும் இரக்கத்தை அவன் ஏன் யாசிக்கவேண்டும்?

வேறொரு கேள்வியும் வரும். அங்கத்தினர்களே சில சலுகைகளுக்காகக் கூலியைக் குறைத்து எழுதச் சொல்லுகிறார்களே என்பது. குறைத்து எழுதிய கணக்கு, காலொடிந்த நாளில் அவர்களையே குறைத்து மதிக்கும் என்று எடுத்துச் சொல்லவேண்டும். அதேபோல, இரக்கத்தால் கூட்டி எழுதவும் கூடாது. ஒரு பொய்ச் சான்று பிடிபட்டால், பின்வரும் நூறு மெய்ச் சான்றுகளையும் எவரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றவேண்டும் என்பது என் கருத்து. அங்கத்தினர் விபத்துக்குள்ளானால் மூன்று தினங்களுக்குள் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நேரில் செல்லவேண்டும். ஆறு மாதக் கெடு முடியும் தேதி சங்கத்தின் பலகையில் எழுதப்படவேண்டும். கடந்த மூன்றாண்டுக் கூலி விவரம் பேரேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படவேண்டும். தீர்ப்பாயம் அழைக்கும் நாளில் காரியதரிசி பேரேட்டுடன் செல்லவேண்டும். அன்றைய பயணச் செலவைச் சங்கமே ஏற்கவேண்டும். இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாளும் போதும்.

அந்த ஒரு நாளை நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர் கால் நேராகியிராது. ஆனால் அவருடைய உழைப்பின் மதிப்பு இன்னதென்று ஒரு நீதிபதி முன் உரக்கச் சொல்லப்பட்டிருக்கும். இனி வரும் காரியதரிசிகள் அந்தச் சாட்சிக் கூண்டில் தயங்காமல் ஏறுவார்களாக.